பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் எப்படி வாசிக்கிறார்கள்?

2024 மே மாதம், எங்களுக்கு நிதி கொடுத்த நிறுவனத்தின் சி.எஸ்.ஆர்., அதாவது சமூகப் பொறுப்பு நிதியைக் கவனிக்கும் குழுவின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மேசை மேல், எங்கள் மாலை நேரப் படிப்பு மையங்களால் என்ன பலன் என்று அளந்து சொல்லும், வழவழப்பான அட்டை போட்ட 84 பக்க அறிக்கை. அந்த அறிக்கைக்கு நாங்கள் கொடுத்த விலை, ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து ரூ.4,48,400. குழுவில் இருந்த ஓய்வுபெற்ற கணக்காளர் அம்மா ஒருவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். “உங்கள் மையம் இல்லாத பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் இப்போது எப்படி வாசிக்கிறார்கள்?” எனக்குத் தெரியவில்லை. அறிக்கை தயாரித்த ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்திருந்தவருக்கும் தெரியவில்லை. அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. அறிக்கையை மூடி ஓரமாகத் தள்ளி வைத்தார், அவ்வளவுதான். ஊர் திரும்பும் பஸ்ஸில் செங்கம் வரும்வரை எனக்கு அழுகை அடங்கவில்லை. இரண்டு வருட உழைப்பு ஒரு கேள்வியில் கரைந்ததே என்பதைவிட, அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் எனக்குள் கேட்டுக்கொள்ளவில்லையே என்பதுதான் அதிகம் வலித்தது. சிறிய டிரஸ்ட் நடத்துகிறவர்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை. அதனால் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

நாங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வேலை செய்கிறோம். என்னையும் சேர்த்து ஆறு பேர். இந்தப் பக்கம் மானாவாரி நிலம்தான் அதிகம். வேலை தேடிக் குடும்பம் குடும்பமாகப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள், செங்கல் சூளைக்குப் போவார்கள். பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு, கையோடு கூட்டிப்போகிறவர்களும் உண்டு. 2021 நவம்பரில் 24 ஊர்களில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்த, இரண்டு ஆண்டுகளுக்கு ரூ.38 லட்சம் ஒப்புதலானது. எங்கள் கைக்கு வந்த மிகப் பெரிய தொகை அது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், திட்டம் முடிந்ததும் வெளி நிறுவனம் ஒன்றைக் கொண்டு தாக்க மதிப்பீடு, அதாவது திட்டத்தால் என்ன மாறியது என்ற ஆய்வு, செய்து தர வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதற்கென்று பட்ஜெட்டில் ஒரு ரூபாய்கூட இல்லை. நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அப்போது படித்திருந்தால் பேசியிருப்பேன். 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட சி.எஸ்.ஆர். விதிகளின்படி, முந்தைய மூன்று ஆண்டுகளில் சராசரியாக ரூ.10 கோடி அல்லது அதற்கு மேல் சி.எஸ்.ஆர். செலவு செய்யக் கடமைப்பட்ட நிறுவனங்களுக்குத்தான் தாக்க மதிப்பீடு கட்டாயம். அதுவும் ரூ.1 கோடி அல்லது அதற்கு மேல் செலவான, முடிந்து ஓராண்டாவது ஆன திட்டங்களுக்கு மட்டும். எங்கள் ரூ.38 லட்சம் அந்தக் கணக்கில் வரவே வராது. கட்டாயமாக இருந்தாலும் அந்த ஆய்வுச் செலவை நிறுவனமே தன் சி.எஸ்.ஆர். கணக்கில் எழுதிக்கொள்ள விதி இடம் தருகிறது. 2022 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு அந்த ஆண்டுச் செலவில் 2 சதவீதம் அல்லது ரூ.50 லட்சம், இதில் எது அதிகமோ அதுவரை எழுதலாம். நாங்களோ எட்டு வருடமாகச் சேர்த்துவைத்திருந்த கட்டட நிதியிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். கேட்டால் கொடுத்திருப்பார்களா என்றால், பாதியாவது கொடுத்திருப்பார்கள் என்றுதான் இப்போது நினைக்கிறேன். கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு வரிக்கு எதிரே, இதற்கு யார் பணம், எவ்வளவு, எப்போது என்று எழுதி வாங்குங்கள்.

இனி அளவீட்டுக்கு வருகிறேன். 2021 டிசம்பரில் பேஸ்லைன், அதாவது பிள்ளைகள் எங்கிருந்து தொடங்குகிறார்கள் என்ற முதல் கணக்கு, எடுத்தோம். முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்புவரை 612 பிள்ளைகள். பிள்ளைகளின் வாசிப்பை வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் பிரதம் அமைப்பின் ஏசர் ஆய்வில் செய்வதுபோல எழுத்து, சொல், பத்தி, கதை என்று ஒரு தாளை நீட்டி வாசிக்கச் சொன்னோம். இரண்டாம் வகுப்பு நிலையில் உள்ள கதையை வாசித்தவர்கள் 135 பேர், அதாவது 22 சதவீதம். 2024 ஜனவரியில் மறுபடி சோதித்தபோது 58 சதவீதம். அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இந்த இரண்டு எண்களும் கொட்டை எழுத்தில் இருந்தன. அதைப் பார்த்து நான் எங்கள் ஆட்களுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

அந்த டிசம்பர் எப்படிப்பட்ட டிசம்பர் என்று யோசித்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. பிள்ளைகள் எழுத்தை மறந்திருந்த நேரத்தில் நாங்கள் அளவெடுத்திருக்கிறோம். அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் இறுதியில்தான் அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் 24 ஊர்களிலும், பக்கத்து ஊர்களிலும் தன்னார்வலர்கள் மாலையில் பாடம் நடத்தினார்கள். 2022 ஜூனில் தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19 ஆயிரம் பிள்ளைகளை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அதன்படி, பள்ளி மூடியிருந்ததால் ஏற்பட்ட கற்றல் இழப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் ஈடாகிவிட்டது. அப்படி மீண்டதில் கால்வாசி அளவுக்கு இல்லம் தேடிக் கல்வியின் பங்கு. இந்தக் கணக்கில் எங்கள் மையம் எங்கே இருக்கிறது? மழை பெய்து ஏரி நிரம்பிய வருடத்தில் நான் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஏரியை நிரப்பினேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இது முதல் ஓட்டை. இரண்டாவது ஓட்டையை அறிக்கையின் பின்னிணைப்பில் நானே கண்டுபிடித்தேன். பேஸ்லைனில் 612 பேர் என்றேனே, இறுதிச் சோதனையில் கிடைத்தவர்கள் 431 பேர்தான். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனவர்களைத் தேடிப்பிடித்துச் சோதித்துவிட்டோம். மீதி 181 பேர்? பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரும்பாலும் பெங்களூருக்கும் சூளைக்கும் பெற்றோரோடு போனவர்கள். அந்த 181 பேரில் முதலிலேயே கதை வாசித்தவர்கள் வெறும் 8 பேர். ஆக, பின்தங்கிய பிள்ளைகள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள், மிஞ்சியவர்களின் சராசரி தானாக ஏறிவிட்டது. இருந்த 431 பேரை மட்டும் எடுத்தால் தொடக்கத்திலேயே 127 பேர் வாசித்திருக்கிறார்கள். அது 29 சதவீதத்துக்கும் மேல். ஒரு பிள்ளைக்கும் ஓர் எழுத்துகூடச் சொல்லித்தராமல் 22-ஐ 29 ஆக்க முடியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. யாருக்காக இந்த மையங்களைத் தொடங்கினோமோ, அந்தப் பிள்ளைகள்தான் கணக்கிலிருந்து காணாமல் போயிருந்தார்கள். தொடக்கத்தில் எண்ணியவர்களில் எத்தனை பேர் கடைசியில் இல்லை, அவர்கள் யார் என்ற ஒரு பத்தி இல்லாத அறிக்கையை வாங்காதீர்கள். பேஸ்லைன் எடுக்கும்போதே பாட்டியின் போன் எண், பெங்களூரில் இருக்கும் உறவினரின் போன் எண் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஓட்டையைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சம். ஜூன் மாதம் ஒரு மையத்துக்குப் போயிருந்தேன். மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தை ஒருத்தி, அக்கா நான் வாசித்துக் காட்டட்டுமா என்று ஓடிவந்தாள். சோதனைத் தாளைக் கொடுத்தேன். கணீரென்று ஆரம்பித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள், கேள்விக்குறி வரும் இடத்தில் குரலை ஏற்றினாள். சுட்டுவிரலை வரி மேல் வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். வாய் நான்காவது வரியில் இருந்தபோது விரல் இரண்டாவது வரியின் நடுவில் இருந்தது. கதையை முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தபோதும் விரல் தாளின் பாதியைத் தாண்டவில்லை. நான் அவள் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? தவறு அவளுடையதல்ல. பேஸ்லைனுக்கும் இறுதிக்கும் ஒரே கதையைப் பயன்படுத்தியிருந்தோம். தாள்கள் இரண்டு வருடமாக மையங்களிலேயே கிடந்தன. மாதக் கூட்டத்தில் நான், எத்தனை பேர் கதை வாசிக்கிறார்கள் என்று ஒவ்வொரு தன்னார்வலரையும் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர்கள் என்ன செய்வார்கள்? அந்தக் கதையையே நடத்தியிருக்கிறார்கள். இப்போது ஒரே அளவு கடினமுள்ள நான்கு கதைகள் எழுதி வாங்கி, என் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். சாவி என்னிடம். சோதிக்கப் போகிறவர் அந்த மையத்தோடு தொடர்பில்லாதவர். சோதனை முடிந்ததும் தாள் அவரோடேயே திரும்பிவிடும்.

கேள்வித்தாளையும் சொல்ல வேண்டும். ஆய்வு நிறுவனம் வீடு வீடாகக் கேட்க 94 கேள்விகள் தயாரித்தது. ஒரு வீட்டுக்கு ஐம்பது நிமிடம். குழந்தையின் கற்றல் முன்னேற்றத்தில் உங்கள் திருப்தி 1 முதல் 5 வரை எவ்வளவு என்று ஒரு கேள்வி. நான் கூடப் போயிருந்த ஒரு வீட்டில், மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஐந்து என்றே போட்டுக்கொள் கண்ணு, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றார். அது வாழ்த்து. எக்செல்லில் அது ‘மிகுந்த திருப்தி’ என்று ஏறியது. கணக்கெடுக்கப் போன இளைஞர்களில் இருவர் வீட்டுக்கே போகவில்லை என்பதும் பிறகு தெரிந்தது. டேப்லெட்டில் ஒரு படிவம் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் பதிவாகியிருந்தது. ஐம்பது நிமிடப் படிவத்தை நான்கு நிமிடத்தில் முடித்திருந்தார்கள், அதுவும் அடுத்தடுத்துப் பதினோரு வீடுகள். அந்தப் பதிவு ஜனவரியிலிருந்தே கையில் இருந்தும் யாரும் பார்க்கவில்லை. இப்படி டேப்லெட்டில் கணக்கெடுக்க உதவும் கோபோ டூல்பாக்ஸ் போன்ற கருவிகளைத் தொண்டு நிறுவனங்கள் இலவசமாகவே பயன்படுத்தலாம், தமிழிலேயே படிவம் போடலாம். அன்றன்று மாலையே அந்தத் தொடக்க, முடிவு நேரப் பதிவைப் பாருங்கள். பத்து வீட்டில் ஒரு வீட்டுக்கு வேறொருவரை அனுப்பி நான்கு கேள்விகளை மறுபடி கேட்கச் சொல்லுங்கள். கேள்விகள் 94 வேண்டாம், 15 போதும். பதில் வந்தால் எந்த முடிவை மாற்றுவேன் என்று உங்களால் சொல்ல முடியாத கேள்வியை அடித்துவிடுங்கள்.

அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்திருந்த வரி, ஒரு ரூபாய் முதலீட்டுக்கு ரூ.4.70 சமூகப் பலன் என்பது. எஸ்.ஆர்.ஓ.ஐ. என்று சொல்வார்கள். முதலீட்டுக்கு வரும் சமூக வருமானம் எவ்வளவு என்று பார்க்கும் கணக்கு, 1990-களில் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அறக்கட்டளை உருவாக்கியது. அந்த முறையே சரியில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நாம் இல்லாவிட்டாலும் நடந்திருக்கக்கூடியது எவ்வளவு, மற்றவர்கள் செய்ததால் வந்தது எவ்வளவு, இரண்டையும் கழித்துவிட்டுத்தான் பலனைச் சொல்ல வேண்டும் என்று அந்த முறையே சொல்கிறது. எங்கள் கணக்கில் அந்த இரண்டு வரிசைகளிலும் பூஜ்யம் போட்டிருந்தார்கள். கதை வாசிக்கத் தெரிந்த ஒவ்வொரு பிள்ளையும் வளர்ந்ததும் கூடுதலாகச் சம்பாதிக்கப்போகும் கூலியை எல்லாம் எங்கள் பெயரில் வரவு வைத்திருந்தார்கள். யாராவது இப்படி ஓர் எண்ணைக் கொடுத்தால் எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கி, அந்த இரண்டு வரிசைகளைப் பாருங்கள். கோப்பைத் தர மாட்டோம் என்றால் மீதித் தொகையைக் கொடுக்காதீர்கள். நான் முழுத் தொகையையும் அறிக்கை வருவதற்கு முன்பே கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் ஆண்டு நிதி நிறுத்திவைக்கப்பட்டது. 24 மையங்கள் 9 ஆகின. பதினைந்து தன்னார்வலர்களிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அந்த நாட்களில் ராத்திரி தூக்கமில்லை. பொய் சொல்லிவிட்டோமோ என்ற எண்ணம் ஒரு பக்கம், ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லவும் மனம் ஒப்பாமல் இன்னொரு பக்கம். கடைசியில், அந்தக் கணக்காளர் அம்மாவின் கேள்விக்குப் பதிலை நாமே தேடுவோம் என்று கிளம்பினோம். 2024 ஜூலையிலும் ஆகஸ்டிலும் எங்கள் ஊர்கள் ஆறு, பக்கத்தில் மையம் இல்லாத ஊர்கள் ஆறு. புதுக் கதை. பி.எட். படிக்கும் மாணவிகள் நான்கு பேர் சோதித்தார்கள், எது எந்த ஊர் என்று அவர்களிடம் சொல்லவில்லை. பஸ் டிக்கெட், சாப்பாடு, படி எல்லாம் சேர்த்து ரூ.31 ஆயிரம்தான் செலவு. எங்கள் ஊர்களில் 126 பிள்ளைகளில் 64 பேர் வாசித்தார்கள். ஆய்வு நிறுவனத்தின் பட்டியலில் இதே 126 பேரில் வாசிப்பவர்கள் 73. பக்கத்து ஊர்களில் 131 பேரில் 63 பேர். நூற்றுக்கு 51-ம் 48-ம். மூன்று விழுக்காடு வித்தியாசம் இந்தச் சின்னக் கூட்டத்தில் தற்செயலாகவும் வரலாம். பக்கத்து ஊர்களுக்கு 2021-இல் பேஸ்லைன் இல்லாததால் அவர்கள் எங்கிருந்து தொடங்கினார்கள் என்பதும் தெரியாது. அதோடு, தலைவரும் தன்னார்வலரும் ஒத்துழைத்த ஊர்களில்தான் நாங்கள் மையமே திறந்தோம். இதையெல்லாம் எழுதி, அப்படியே அந்தக் குழுவுக்கு அனுப்பினேன்.

ஆனால் தாள்களை அடுக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. அப்பா, அம்மா இருவரும் வெளியூரில், பாட்டியிடம் வளரும் பிள்ளைகளைத் தனியே எடுத்து வைத்தோம். எங்கள் ஊர்களில் அப்படி 29 பேர், வாசித்தவர்கள் 15. பக்கத்து ஊர்களில் 27 பேர், வாசித்தவர்கள் 8. இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று அது எனக்குக் காட்டியது. எங்கள் திட்ட ஆவணத்தில் ‘பெற்றோர் கூட்டம் நடத்துவோம், பெற்றோர் பிள்ளையை அனுப்புவார்கள், வீட்டில் படிக்க வைப்பார்கள்’ என்று அம்புக்குறி போட்டு எழுதியிருந்தோம். பெற்றோர் பெங்களூரில் இருக்கும் வீட்டில் அந்த அம்புக்குறி எங்கே போய்ச் சேரும்? இதைப் போன்ற ஒன்று பெரிய அளவிலேயே நடந்திருக்கிறது. 1980-இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் நல்ல பலன் தந்தது என்று, அதே மாதிரியில் 1995-இல் வங்கதேசத்தில் ஒன்றைத் தொடங்கினார்கள். இங்கே செய்ததுபோலவே அங்கும் தாய்மாருக்கு ஆலோசனை சொன்னார்கள். எதிர்பார்த்த பலன் வரவில்லை. ஆராய்ந்தபோது, அங்கே பல வீடுகளில் கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவது ஆண்கள், யாருக்கு எவ்வளவு பரிமாறுவது என்று முடிவு செய்வது மாமியார் என்று தெரிந்தது. தாய்க்குச் சொன்னது சரிதான், முடிவு அவள் கையில் இல்லை. எங்கள் ஊர்களில் முடிவு பாட்டியின் கையில் இருக்கிறது. மையத்தில் எட்டு மணிவரை விளக்கு எரிகிறது, பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் என்ன என்று கேட்க ஓர் அக்கா இருக்கிறாள். அம்மா வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு இது கூடுதல் வசதி. பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கு வேறு ஆளே இல்லை. இப்போது கூட்டம் பாட்டிகளுக்குத்தான், நூறு நாள் வேலை முடியும் நேரத்துக்கு வைக்கிறோம்.

இந்த எண்களை அந்தப் பன்னிரண்டு ஊர்களிலும் ரேஷன் கடை முன்னால் கூடி வாசித்தோம். அளவெடுக்க மட்டும் வந்துவிட்டுப் பதில் சொல்லாமல் போகிறவர்களை மக்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் மையத்தை மூடிவிடுவீர்களா என்று எங்கள் ஊர் ஒன்றில் ஒரு பாட்டி கேட்டார். இல்லை என்று சொல்லும் தைரியம் எனக்கு அன்று இல்லை.

நிறுவனம் எங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, பாட்டியிடம் வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வருடம் நடத்திப் பாருங்கள் என்று சிறிய தொகை கொடுத்தது. அதில் ரூ.90 ஆயிரம் அளவீட்டுக்கென்றே தனியாக எழுதி வாங்கினேன். மையம் வேண்டும் என்று புதிதாகக் கேட்ட ஊர்கள் 18. பணம் 9 ஊர்களுக்குத்தான். இந்த முறை 18 ஊர்களிலும் முதலிலேயே பேஸ்லைன் எடுத்தோம். பிறகு எல்லா ஊர்க்காரர்களையும் கூட்டி, ஊர்ப் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டோம். உத்திரமேரூர்க் கல்வெட்டில் சொல்லியிருக்கும் குடவோலைபோல ஒரு சிறு பிள்ளையை எடுக்கச் சொன்னோம். முதல் வகுப்புப் பெண் ஒருத்தி ஒன்பது சீட்டுகள் எடுத்தாள். மீதி ஒன்பது ஊர்களுக்கு அடுத்த ஜூனில் மையம், அதுவரை அவைதான் ஒப்பிட்டுப் பார்க்கும் ஊர்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை, யாரும் பாரபட்சம் என்று சொல்லவும் இல்லை. சீட்டு வராத ஊரிலிருந்து வந்திருந்த மகளிர் குழுத் தலைவி மட்டும் கூட்டம் கலைந்த பிறகும் நின்றுகொண்டிருந்தார். குடத்தில் மிஞ்சிய தன் ஊர்ச் சீட்டை எடுத்து என்னிடம் நீட்டி, அடுத்த ஜூன் என்று இதன் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.